திருமணமும் குடும்பமும்: எந்தச் சமூகவியல் நூலைத் தெரிவது?

இறையியற் கல்லூரிகளில் குடும்ப வாழ்வு பற்றிய பாடத்தைக் கற்பிப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. மாணாக்கரின் கையில் எந்தச் சமூகவியல் நூலைக் கொடுப்பது என்பதே அது. நூலகத்தின் அலமாரியில் உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறித்துக் கொடுத்தால் போதும் என்று நம்முள் பலர் எண்ணி வந்திருக்கிறோம். இறையியலும் திருமறையும் அடிப்படையை அமைத்துவிட்டன. சமூகவியல் சில விவரங்களைச் சேர்க்கும் துணைப்பாடம் மட்டுமே என்பது இவ்வெண்ணத்தின் உட்பொருள். இக்கருத்து தவறு என்பதை நாம் வகுப்பறையில் அறியவில்லை. ஆயர் பணியில்தான் அறிந்தோம்.

நாம் முதன்முதல் பொறுப்பேற்ற சபையில் ஓர் இளம்பெண் தன் இல்லத்துக் கலகத்தை நம்மிடம் கொண்டுவந்தாள். கணவனின் தாய் உடனிருந்தாள். கணவனின் தங்கைக்குச் செய்யவேண்டிய சீர் காரணமாகப் பணத்தைப் பற்றி நாள்தோறும் வாக்குவாதம். குடும்ப ஆலோசனைக்கென நாம் கற்றிருந்த மேனாட்டுப் பாடநூல் ஒன்று நம் மனத்தில் இருந்தது. கணவனும் மனைவியும் பெற்றோரிடமிருந்து எல்லை வகுத்துக்கொள்வதே நலமான மணவாழ்வின் தொடக்கம் என்று அது கற்பித்தது. ஆதியாகமம் 2:24ஐ அதனோடு இணைத்து, தனிக்குடித்தனம் போகும்படி அறிவுரை கூறினோம். அவர்களும் போனார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அப்பெண் மீண்டும் வந்தாள். "ஐயா, மாமியாரிடமிருந்து என்னைப் பிரித்துவைத்தீர்கள், ஆனால் அவர்கள் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள். இப்போது என் பிறந்த வீட்டாரும் என் வீட்டுப் படி ஏறுவதில்லை" என்றாள்.

நாம் படித்த நூலுக்கு மாமியார் தெரியும்; அத்தையைத் தெரியாது. அந்த இல்லத்தில் இருவரும் ஒருவரே என்பது நமக்கும் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. பெண்ணின் குற்றமன்று அது. நூலின் குற்றமும் முழுவதுமன்று. தன் நாட்டு மக்களுக்கென எழுதப்பட்ட நூல் அது. அதை எல்லா நாட்டாருக்கும் உரியதென எடுத்துக்கொண்ட நமது குற்றமே பெரிது. ஆகவே, நூலைத் தெரிவது சிறு காரியமன்று. நாம் தரும் நூல் எதைக் காணக் கற்பிக்கிறதோ அதையே நாளைய போதகர் காண்பார்.

நூல்களை ஒப்பிடுமுன் மூன்று கேள்விகளை அளவுகோலாகக் கொள்வோம். முதலாவது, இந்நூல் யாருடைய குடும்பத்தைப் பொதுக் குடும்பமாகக் கொள்கிறது? இரண்டாவது, அதன் சான்றுகள் ஏடுகளிலிருந்து வந்தனவா, வீடுகளிலிருந்து வந்தனவா? மூன்றாவது, அந்த வீட்டில் பேசுகிறவர் யார்: குடும்பத் தலைவர் மட்டுமா, அடுப்படியிலும் வயலிலும் இருப்பவளுமா?

முதலில் நெடுங்காலம் பல கல்லூரிகளில் பாடநூலாக விளங்கிய கே. எம். கபாடியாவின் 'இந்தியாவில் திருமணமும் குடும்பமும்' என்ற நூலை எடுத்துக்கொள்வோம். 1955இல் வெளிவந்த இந்நூல் பம்பாய்ப் பல்கலைக்கழக மரபில் உருவானது. இந்து மணத்தின் நோக்கங்கள், இஸ்லாமிய மணம், கூட்டுக் குடும்பத்தின் வரலாறு ஆகியவற்றை ஒழுங்குபட விளக்குவதில் அதற்குச் சிறப்பு உண்டு. ஆயினும் நம் முதற்கேள்விக்கு அது தரும் விடை மனநிறைவு அளிப்பதில்லை. வடமொழி அறநூல்களின் குடும்பமே அதன் அடித்தளம். தமிழ்நாட்டு உழவர் குடும்பமோ, தமிழ்க் கிறிஸ்தவ இல்லமோ அதன் நோக்கெல்லையின் ஓரத்திலும் அரிதாகவே தென்படும். சட்டம் பற்றிய பகுதிகளும் பழையனவாகிவிட்டன. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல்தான் வந்தது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் 2001இல் திருத்தப்பட்ட பின்னரே கிறிஸ்தவப் பெண் கணவனுக்குச் சமமான நிலையில் நின்று கொடுமையையும் கைவிடுதலையும் காரணங்காட்ட முடிந்தது. இல்ல வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இவற்றை அறியாத போதகர் அழுதுவரும் பெண்ணைப் பொறுமையைப் போதித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். கபாடியாவின் நூலை வரலாற்று நூலாக வைத்துக்கொள்ளலாம், வழிகாட்டியாகக் கொள்ளலாகாது.

அடுத்து வில்லியம் ஜே. கூட் 1963இல் வெளியிட்ட 'உலகப் புரட்சியும் குடும்ப அமைப்புகளும்'. மேனாடுகள், அரபு நாடுகள், சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா, ஜப்பான் ஆகியவற்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றங்களை ஒருங்கே நோக்கும் பெருநூல் இது. உலகெங்கும் குடும்பங்கள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு வட்டத்தை நோக்கி நகர்கின்றன என்பது அதன் மையக்கருத்து. ஆலைத்தொழிலே இதற்கு ஒரே காரணம் என்று அவர் கூறுவதில்லை. சிறு குடும்பம் பற்றிய எண்ணமே தொழிலுக்கு முன்னதாக ஒரு நாட்டினுள் நுழைந்து, ஒடுக்கப்பட்ட இளைஞரையும் பெண்களையும் கவரக்கூடும் என்கிறார். நூலின் இறுதியில் இம்மாற்றத்தைத் தாம் வரவேற்பதையும் அவர் மறைப்பதில்லை. இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் இந்நூலை மட்டும் படித்து முடிக்கும் மாணாக்கர், வரலாறு ஒரே திசையில் ஓடுகிறது, நம் குடும்பங்கள் அதில் பின்தங்கி வருகின்றன என்ற மனநிலையைப் பெறுகிறார். மேலே நாம் சொன்ன அறிவுரையை நாம் கூறியதும் இம்மனநிலையினால்தான்.

இதற்கு மாற்று மருந்தாக இரு நூல்களைச் சொல்லலாம். பீட்டர் லாஸ்லெட் பதிப்பித்து 1972இல் வெளிவந்த தொகுப்பு, இங்கிலாந்தில் ஆலைத்தொழில் வருவதற்கு முன்னரே வீடுகள் சிறியனவாக இருந்தன என்பதைக் காட்டியது. நூறு ஊர்களின் பழைய பட்டியல்களைக் கணக்கிட்டபோது ஒரு வீட்டில் சராசரியாக 4.75 பேரே இருந்தனர். எனவே, ஆலை வந்தது, கூட்டுக் குடும்பம் உடைந்தது என்னும் எளிய கதை அதன் பிறப்பிடத்திலேயே நிலைநிற்கவில்லை. நம் நாட்டில் ஏ. எம். ஷா, 1973இல் வெளியான தம் நூலில், ஒரே கூரையின் கீழ் வாழும் மனையும் உறவால் இணைந்த குடும்பமும் வேறு வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அடுப்பு இரண்டான பின்னும் குடும்பம் ஒன்றாய் இருக்கக்கூடும். அடுப்பு ஒன்றாய் இருந்தும் மனம் நான்காய் இருக்கக்கூடும். 'கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டதே' என்று புலம்பும் பிரசங்கங்கள் நம் சபைகளில் மிகுதி. அவற்றை ஆயத்தம் செய்யுமுன் ஷாவின் நூலை ஒருமுறை படிப்பது நன்று.

தென்னாட்டுக்குரிய நூல்களுக்கு வருவோம். இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட 'இந்தியாவில் உறவுமுறை அமைப்பு' நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாகப் பகுத்து ஆராய்கிறது. வடபுலத்தில் மகளை உறவல்லாத இல்லத்துக்கும் வேற்றூருக்கும் கொடுப்பது வழக்கம். தென்புலத்தில் முன்பே உறவாயிருந்த இல்லத்தோடு மீண்டும் உறவை முறுக்கிக்கொள்வது வழக்கம். நம் சொற்களே இதற்குச் சான்று. தாயின் உடன்பிறந்தானும் மாமா, மனைவியின் தந்தையும் மாமா. தந்தையின் உடன்பிறந்தாளும் அத்தை, கணவனின் தாயும் அத்தை. வடநாட்டு மணமகள் அந்நியர் நடுவே நுழைகிறாள். தென்னாட்டு மணமகள் பெரும்பாலும் தான் குழந்தையாய் விளையாடிய முற்றத்திலேயே நுழைகிறாள். இவ்வேறுபாட்டை நாம் முன்பே படித்திருந்தால் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருப்போம். கார்வேயின் குறை வேறு: அவர் உறவுப் பெயர்களிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் அமைப்பை வடிக்கிறார், அமைப்பினுள் வாழ்கிறவர்களின் குரல் அதில் குறைவு.

பிரமலைக் கள்ளரைப் பற்றி 1957இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து 1986இல் ஆங்கிலத்துக்கு வந்த லூயி துமோனின் நூல் இன்னும் ஆழமானது. தாய்மாமனைத் தாயின் உடன்பிறந்தான் என்று மட்டும் காணாமல், தந்தையின் மைத்துனன் என்றும் காணவேண்டும் என்பது அவர் கருத்து. மணவுறவு ஒரு நாளில் முடிவதன்று. தலைமுறைதோறும் கைமாறி வருவது. காதுகுத்து முதல் இழவு வரை மாமன் செய்யும் சீர் அதன் தொடர்ச்சி. இதை அறிந்தால், சீர் என்பதை வெறும் வீண்செலவு என்று மேடையில் இகழமாட்டோம்; அது வரதட்சணையாக மாறிவிட்ட இடத்தை மட்டும் கண்டறிந்து கண்டிப்போம். எனினும் துமோனின் நூல் தொடக்க மாணாக்கருக்குக் கடினமானது. ஆசிரியர் படித்து விளக்கத்தக்கது.

இங்கே திருமறை மாணாக்கருக்குரிய ஒரு பயனையும் சுட்டவேண்டும். யாக்கோபு மணந்த லேயாளும் ராகேலும் அவன் தாயின் சகோதரனாகிய லாபானின் மக்கள். நம் வழக்கில் சொன்னால் மாமன் மக்கள், முறைப்பெண்கள். தமிழ் வாசகர் இதைத் தம் வீட்டுக் கதையாகவே படிக்கிறார். ஆனால் எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் தங்கள் தகப்பனின் சகோதரருடைய குமாரரை மணக்கிறார்கள். நம் வழக்கில் அவர்கள் பங்காளிகள். அண்ணன் தங்கை முறையினர். அத்தகைய மணம் நினைக்கவும் கூடாதது. லேவியராகமம் 18ஆம் அதிகாரப் பட்டியலில் அக்காள் மகள் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. 1563இல் பேராயர் பார்க்கர் வெளியிட்ட ஆங்கிலத் திருச்சபைப் பட்டியல் அவளை விலக்கியது. தமிழ்நாட்டின் பல குடிகளுக்கோ அக்காள் மகள் உரிமைப் பெண்ணாயிருந்தாள். ஆகவே 'திருமறைக் குடும்பம்' என்று ஒரே வடிவம் இல்லை. தன் ஊர் வழக்கைத் திருமறையின் கட்டளை எனவும், அயலார் வழக்கை அறியாமை எனவும் கொள்ளும் பிழையிலிருந்து உறவுமுறை பற்றிய நூல்கள் நம்மைக் காக்கின்றன.

ஆனால் கார்வேயையும் துமோனையும் மட்டும் படித்தவருக்கு எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றுண்டு. மேனாட்டு நூல் நம் உறவுகளைக் காணாமல் செய்தது. இந்நூல்கள் அவ்வுறவுகளின் அழகில் நம்மை மயங்கச் செய்யக்கூடும். முறை மணம் நம் பண்பாடு என்று போற்றத் தொடங்கினால், அப்பெண்ணின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதை மறந்துவிடுவோம். தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்து ஒரே மரபணுக்கூறு இருமுறை வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்கு, மாமன் மகளை மணந்தால் பதினாறில் ஒரு பங்கு என்னும் மருத்துவக் கணக்கையும் மறந்துவிடுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, உறவுக்குள் மணம் என்பது சாதிக்குள் மணம் என்பதையும் மறந்துவிடுவோம். சமூகவியல் நூல் உள்ளதை உள்ளபடி சொல்லுகிறது. அது அதன் கடமை. உள்ளது நல்லது என்று அது சொல்லவில்லை. கலாத்தியர் 3:28ஐ வாசித்துவிட்டு, சாதி பார்த்து நிச்சயித்த மணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் நாம், அந்த முரண்பாட்டை விளக்கும் பொறுப்பைச் சமூகவியலாரிடம் தள்ளிவிட இயலாது.

இவ்விடத்தில்தான் பெண்கள் இருவர் எழுதிய இரு நூல்கள் நமக்கு உதவுகின்றன. மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட 'ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு பற்றிய குறிப்புகள்' ஒரே ஒரு இல்லத்தைப் பற்றியது. ஆசிரியர் அவ்வில்லத்தாரோடு தங்கி வாழ்ந்தவர். அன்பு என்ற நம் சொல்லின் இயல்புகளாக அடக்கம், பழக்கம், கொடுமை, பணிவு, எளிமை, அடிமை, மயக்கம் முதலியவற்றை அவர் காண்கிறார். தாய் தன் பிள்ளையை வெளிப்படையாகப் பாராட்டாமல் அன்பை அடக்கிக்கொள்வதையும், கடுமையே அன்பாக வெளிப்படுவதையும் நுணுக்கமாகக் காட்டுகிறார். பிரிந்துபோன அண்ணன் தங்கையின் ஏக்கம் தம் பிள்ளைகளை இணைப்பதில் நிறைவேறத் தேடுகிறது. ஆனால் அவ்வேக்கம் நிறைவேறுவதில்லை, அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது என்பது அவர் முடிபு. கிரேக்கச் சொற்களை வைத்துக்கொண்டே அன்பை விளக்கப் பழகிய நமக்கு, நம் சபையார் 'அன்பு' என்று சொல்லும்போது எதைச் சொல்லுகிறார்கள் என்று கேட்க இந்நூல் கற்பிக்கிறது. ஒரே இல்லத்திலிருந்து தமிழர் அனைவருக்கும் முடிவு கட்டலாமா என்ற ஐயம் நியாயமானதே. அதற்கு மாற்றாக மற்றொரு நூல் தேவைப்படுகிறது.

அது காரின் கபாடியாவின் 'சிவாவும் அவளுடைய சகோதரிகளும்'. 1995இல் வெளிவந்த இந்நூல் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பல சாதிப் பெண்களிடையே செய்த ஆய்வின் விளைவு. பிராமணப் பெண்களையும் நிலமற்ற தலித் உழைப்பாளிப் பெண்களையும் அது ஒப்பிடுகிறது. கிறிஸ்தவப் பறையர் பெண்களும் அதில் இடம்பெறுகிறார்கள். உயர்சாதியாரின் மதிப்பீடுகளே எல்லாருடைய மதிப்பீடுகளும் என்ற எண்ணத்தை அவர் மறுக்கிறார். முன்பு மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்த குடிகளிலும் இப்போது பெண் வீட்டார் வரதட்சணை கொடுக்கவேண்டிய நிலை வந்ததை அவர் விளக்குகிறார். படிப்பும் பட்டணத்து வேலையும் ஆணுக்கு முதலில் கிடைத்தன. அவனுடைய விலை ஏறியது. உறவுக்குள் சமமாய் நின்ற இரு வீடுகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு புகுந்தது. அக்காள் தன் மகனுக்குத் தம்பி மகளைக் கேட்பதை விட்டு, வேறிடத்தில் கொழுத்த சீரைத் தேடினாள். பெண்ணின் மதிப்பு இதனால் தாழ்ந்தது. நடவிலும் களையெடுப்பிலும் அப்பெண்கள் ஈட்டிய கூலியே குடும்பத்தைத் தாங்கியது என்பதையும் நூல் காட்டுகிறது. முன்னேற்றம் பெண்ணுக்கு விடுதலை என்னும் எளிய நம்பிக்கைக்கும், பழமை பெண்ணுக்குப் பாதுகாப்பு என்னும் எளிய நம்பிக்கைக்கும் இது ஒருங்கே மறுப்பு.

நாம் வைத்த மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை தருவது இந்நூலே. அது ஒரு சாதியின் குடும்பத்தைப் பொதுக் குடும்பமாக்கவில்லை. அதன் சான்றுகள் வீடுகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்தவை. அதில் பேசுகிறவர்கள் பெண்கள். அதன் குறை, ஆதாயத்தையும் அதிகாரத்தையும் கணக்கிடும் கூர்மை அன்பையும் கடமையையும் கணக்கிடும்போது மழுங்கிவிடுவதாகும். மாமியாரை விட்டுப் பிரிந்ததற்காக நம்மிடம் வந்து அழுத பெண் சீரின் கணக்குக்காக மட்டும் அழவில்லை. எனவே காரின் கபாடியாவைப் பாடநூலாகவும், டிராவிக்கை அதன் துணைநூலாகவும் நாம் பரிந்துரைக்கிறோம். கார்வேயின் தென்மண்டலப் பகுதியை இவற்றுக்கு முன்னுரையாகப் படிப்பிக்கலாம். கூடையும் ஷாவையும் ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசும்படி ஒரே வாரத்தில் வைக்கலாம். கே. எம். கபாடியாவை நூலகத்தில் விட்டுவைக்கலாம். ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்னும் கல்லூரி காரின் கபாடியாவை வாங்கட்டும்.

இத்தெரிவுக்குப் பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. நாம் எடுத்துக்கொண்ட நூல்களுள் எதுவும் நம் சபைக் குடும்பங்களை மையமாக வைத்து எழுதப்பட்டதன்று. எதுவும் தமிழில் எழுதப்பட்டதுமன்று. அதற்கான மூலப்பொருள் நம் கையிலேயே உள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நாம் எழுதிவரும் பதிவேடுகள் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம் ஆகியவற்றைக் கூறுகின்றன. தந்தையின் பெயரையும் அவை கேட்கின்றன. தாயின் பெயருக்கு அப்படிவத்தில் இடமில்லை. மணமகளின் மாமியார் அவள் தந்தையின் அக்காள்தானா என்பதை அப்பதிவேடு ஒருபோதும் சொல்லாது. அதை வீட்டுக்குச் சென்று கேட்டுத்தான் அறியவேண்டும்.

ஆகையால் நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் கோடை விடுமுறைப் பணியில் தம் சபையிலுள்ள பத்து இல்லங்களின் உறவை இரண்டு தலைமுறைக்கு எழுதிவரட்டும். அத்தை யார், மாமன் யார், சீர் எங்கிருந்து எங்குச் சென்றது, பெண்ணைக் கேட்டார்களா என்று எழுதட்டும். அதன் பின்னரே நூலைத் திறக்கட்டும். நாம் அந்த வரிசையை மாற்றிச் செய்தோம். அதன் விலையை நாம் கொடுக்கவில்லை, ஓர் இளம்பெண் கொடுத்தாள்.